யார் முதலில் சிரிப்பது?

ஆயுத பூசை நாளன்று ஒரு லேத்துப் பட்டறைக்குச் சென்று பாருங்கள், தோழர்களே! இயந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம். சுத்தியலுக்குப் பூ. துருப்பிடித்த குறட்டுக்குக்கூட ஒரு பொட்டு! வாயிலில் பூசணிக்காய் உடைபடும், சூடம் கொளுத்தப்படும், முதலாளி கைகூப்பி நிற்பார், அந்த இரும்பின் முன்னே. ஆண்டு முழுவதும் அந்த இரும்பை இயக்கிய கையோ, பொரிகடலைப் பொட்டலத்துக்காக வரிசையில் நீளும். "இந்தாடா, பிடி!" என்ற அன்புமொழியோடு பொட்டலம் வந்து விழும். இரும்புக்கு ஆராதனை, இரத்தமும் சதையும் கொண்டவனுக்கு "இந்தாடா!"

கேட்டால், "தொழிலே தெய்வம், தெரியாதா உனக்கு?" என்பர். தொழில் தெய்வமானால், நாள்தோறும் அதனருகே நின்று பணிசெய்பவன் பூசாரியாக அன்றோ இருக்கவேண்டும்? எந்தக் கோயிலிலாவது பூசாரியை "அடே" என்று அழைத்ததுண்டா!

நாம் இங்கே பேசப்புகுவது கூலியைப் பற்றியன்று, போனசைப் பற்றியுமன்று. அவை பற்றிப் பேசச் சங்கங்கள் உள்ளன, பேசுகின்றன, பேசட்டும். நாம் பேச நினைப்பது, வேலை செய்யும் இடத்திலே எழும் சிரிப்பைப் பற்றி. அங்கே யார் சிரிக்கலாம், யாரைப் பார்த்துச் சிரிக்கலாம், யார் முதலில் சிரிக்கலாம் என்பது பற்றி.

"சிரிப்பா! நாடு கிடக்கும் கிடையில் இவர்களுக்குச் சிரிப்பு ஆராய்ச்சி தேவைப்படுகிறதோ!" என்று முகஞ்சுளிப்போர் உண்டு. நம் பக்கத்திலேயே உண்டு. "கூலி உயரட்டும், வேலைநேரம் குறையட்டும், சிரிப்பு தானே வந்து சேரும்" என்பது அன்னவர் வாதம். பசித்த வயிற்றின் எதிரே பகடி பேசுவது பண்பன்று. அதை நாமும் ஒப்புகிறோம். ஆனால், கூலி வந்தால் சிரிப்பும் கூடவே வரும் என்கிறார்களே, அதை மட்டும் உரைத்துப் பார்க்கவேண்டும். உரைகல் அமெரிக்காவிலே இருக்கிறது.

1914-ஆம் ஆண்டு, ஹென்றி ஃபோர்டு தமது மோட்டார் தொழிற்சாலையில், எட்டுமணி நேர வேலைக்கு நாளொன்றுக்கு ஐந்து டாலர் என்று அறிவித்தார். அந்நாளில் வழங்கிய கூலியைப்போல் ஏறத்தாழ இருமடங்கு! உலகம் வாய்பிளந்தது, வேலை தேடி வந்தோர் வாயிலிலே அலைமோதினர். வள்ளல் என்றனர், வழிகாட்டி என்றனர். அந்த ஐந்து டாலர் முழுமையாகக் கைக்கு வரவேண்டுமானால், தொழிலாளி வீட்டிலே எப்படி வாழ்கிறான், குடிக்கிறானா, சேமிக்கிறானா என்று கண்டுவர ஆட்கள் வீடு தேடி வந்தனர் என்பது, வாழ்த்துப் பாடியோர் காதில் விழாத செய்தி.

பின்னர் டியர்பார்ன் நகரில், ரூஜ் ஆற்றங்கரையில் மாபெரும் ஆலை எழுந்தது. ஒருபுறம் இரும்புத்தாது உள்ளே போகும்; மறுபுறம் முழு மோட்டார் வண்டி வெளியே வரும். அந்த ஆலையில் 1930-களில் நடப்பிலிருந்த ஒழுங்கு என்ன? வேலைநேரத்தில் பேசுதல் கூடாது. சீழ்க்கை அடித்தல் கூடாது. வாய்க்குள்ளே பாட்டு முனகுதல் கூடாது. உட்காருதல் கூடாது. சிரித்தல்? கூடவே கூடாது! இந்த ஒழுங்கைக் காக்க ஹாரி பென்னட் என்பவர் தலைமையில் தனியொரு படை. யார் பேசுகிறான், யார் இளிக்கிறான் என்று ஒற்றாடுவது அப்படையின் திருப்பணி. தொழிலாளர்களும் இலேசுப்பட்டவர்களா? உதடு அசையாமல் பேசக் கற்றுக்கொண்டனர். அதற்கு 'ஃபோர்டு கிசுகிசுப்பு' என்றே பெயர் வழங்கிற்று.

1940-ஆம் ஆண்டு அந்த ஆலையிலே ஒரு தொழிலாளி வேலையினின்றும் நீக்கப்பட்டார். திருடினாரா? இல்லை. இயந்திரத்தை உடைத்தாரா? இல்லை. புன்னகை புரிந்தார், புரியும்போதே பிடிபட்டார்! அதற்குமுன் ஒருமுறை, உடன் வேலை செய்வோருடன் சேர்ந்து சிரித்து, ஓடும் வரிசையை அரை நிமிடம் தாமதப்படுத்திய பழங்குற்றமும் அவர் பெயரில் இருந்ததாம். அரை நிமிடம்! உலகின் பெரும் பணக்காரர்களுள் ஒருவருக்கு, ஒரு தொழிலாளியின் அரை நிமிடச் சிரிப்பு நட்டக்கணக்கிலே ஏறிற்று.

ஏன் அந்த அச்சம்? எண்ணிப் பாருங்கள். பேச்சைத் தடுத்தால், சங்கம் அமைக்கும் சதியைத் தடுத்தோம் என்றாவது சமாதானம் சொல்லலாம். சிரிப்பை ஏன் தடுக்கவேண்டும்? இருவர் சேர்ந்து சிரிக்கிறார்கள் என்றால், இருவரும் ஒன்றையே கண்டுகொண்டார்கள் என்று பொருள். எதைக் கண்டார்கள்? மேற்பார்வையாளரின் மிடுக்கையா? முதலாளியின் கோணல் புத்தியையா? அது தெரியாது. தெரியாததே மேலிருப்போரை நடுங்க வைக்கிறது. அழுகிற அடிமையைக் கண்டு எந்த ஆண்டையும் அஞ்சியதில்லை. தமக்குள் சிரித்துக்கொள்ளும் இரண்டு அடிமைகளைக் கண்டால் அவனுக்குத் தூக்கம் வாராது.

அந்த ஆலையில் சிரிப்பு திரும்பியது முதலாளியின் மனமாற்றத்தால் அன்று. 1937-ல் ஆலைக்கு வெளியே துண்டறிக்கை வழங்க வந்த சங்கத்தவரை மேம்பாலத்தின்மீது அடித்து உதைத்தனர். அடித்தவர்கள் இளைத்தனர், அடிபட்டவர்கள் வளர்ந்தனர். 1941 ஏப்ரலில் வேலைநிறுத்தம், ஜூனில் ஒப்பந்தம். வாய் திறந்து பேசும் உரிமை அதன் பிறகே வந்தது. ஐந்து டாலருக்கும் அந்த ஒப்பந்தத்துக்கும் இடையே இருபத்தேழு ஆண்டுகள்! கூலி வந்தால் சிரிப்பும் வரும் என்ற நண்பர்களே, வந்ததா?

அமெரிக்கா வரை போவானேன், அருகிலேயே மறுபக்கமும் உண்டு. வட கேரளத்துக் கண்ணூர்ப் பீடித் தொழிற்கூடங்களில் நெடுநாள் வழக்கம் ஒன்று இருந்தது. கூடியமர்ந்து பீடி சுற்றும் தொழிலாளர், தம்முள் ஒருவரை வாசகராகத் தேர்வர். அவர் செய்தித்தாளை உரக்கப் படிப்பார், நூல்களும் படிப்பார். அவர் சுற்றவேண்டிய பீடிகளை மற்றவர்கள் பங்கிட்டுச் சுற்றிக் கொடுப்பர். கைக்கு இலை, காதுக்கு உலகம்! படிப்பு முடிந்தால் விவாதம். விவாதத்திலே வெடிப்பது சிரிப்பு. பள்ளி வாயிலை மிதியாதவர்கள் அமைச்சரவை மாற்றத்தைப் பற்றி அலசினர்.

1966-ஆம் ஆண்டில் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதைக் கேரளம் நடைமுறைப்படுத்த முற்பட்டதும், தொழிலாளிக்கு உரியதைக் கொடுப்பதைவிடக் கதவை மூடுவதே மேல் என்று பெரிய முதலாளிகள் கடையைக் கட்டினர். ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றனர். நின்றவர்கள் மண்சோறு தின்று வேண்டுதல் செய்யவில்லை. 1969-ல் தினேஷ் பீடி என்ற கூட்டுறவைத் தொடங்கினர். மேற்பார்வையாளரின் அதட்டல் இன்றியே வேலை நடந்தது, வாசிப்பும் நடந்தது. பிற்காலத்தில் நாற்பதாயிரம் பேருக்கும் மேல் அதிலே பணிபுரிந்தனர். புகையிலை நஞ்சு என்பது நமக்குத் தெரியும். அத்தொழில் சுருங்கியதற்கு நாம் கண்ணீர் விடவில்லை. அந்தக் கூட்டுறவே பின்னாளில் குடைக்கும் உணவுப் பொருளுக்கும் ஆடைக்கும் மாறிக்கொண்டது. நாம் போற்றுவது பீடியை அன்று. பீடி சுற்றியவன் தன்னை மனிதனாக மதித்துக்கொண்ட அந்தக் கூடத்தை!

நம் நெல்லைச் சீமையிலோ, பெண்கள் சொளகை மடியில் வைத்து வீட்டுத் திண்ணையிலே தனித்தனியே சுற்றுகின்றனர். சுற்றி முடித்ததைப் பீடிக்கடைக்குக் கொண்டுபோனால், "இது சரியில்லை, அது சொத்தை" என்று கழிக்கப்படுவதைக் கைகட்டிப் பார்த்து நிற்கவேண்டும். அதே இலை, அதே தூள், அதே நூல். ஒருவன் வேலையிலே நிறைவு காண்பதும் காணாததும், அவன் கையிலுள்ள பொருளைப் பொறுத்ததன்று. அவனை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இனி நம் மொழிக்கு வருவோம். உலக மொழிகள் பலவற்றில் உள்ளதுபோலவே தமிழிலும் 'நீ' உண்டு, 'நீங்கள்' உண்டு. இரண்டும் நல்ல சொற்களே. அன்னையை நீ என்கிறோம். ஆருயிர் நண்பனை நீ என்கிறோம். ஆனால் அலுவலகத்திலும் ஆலையிலும் வயலிலும் அந்த ஓரெழுத்துச் சொல் செய்துவந்த கொடுமை கொஞ்சமா! நரைத்த தலையுடைய உழவனை, மிராசுதாரின் பத்து வயதுப் பிள்ளை "வாடா" என்பான். கிழவன் மேல்துண்டை இடுப்பிலே கட்டிக்கொண்டு "சொல்லுங்க சின்ன எசமான்" என்பான். வயதுக்கு மரியாதை என்பது எங்கள் பண்பாடு என்று மேடைதோறும் முழங்குகிறார்களே, அந்தப் பண்பாடு சேரியின் எல்லையிலே வந்து ஏன் செத்து விழுந்தது? தஞ்சைத் தரணியிலே சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக வழங்கின. 1940-களில் செங்கொடிச் சங்கம் போராடித்தான் அவற்றை ஒழித்தது. சவுக்கு போயிற்று. சவுக்கின் சுருக்கமான வடிவமாகிய "ஏய்" இன்னும் போகவில்லை.

சுயமரியாதை என்று நம் இயக்கத்துக்குப் பெயர் வைத்தார்களே, ஏன்? சம்பளமரியாதை என்று வைக்கவில்லை. பதவிமரியாதை என்றும் வைக்கவில்லை. 1929-ல் செங்கற்பட்டு மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதிப் பட்டத்தை வெட்டியெறியச் சொன்னது. ஒருவனை எப்படி அழைப்பது என்பதே அரசியல் என்று அன்றே கண்டவர்கள் அவர்கள்.

வேலையில் மனநிறைவு என்கிறார்கள். நல்லது. பிறப்பைப் பார்த்து வேலையைப் பிரித்துக் கொடுக்கும் நாட்டில் நிறைவு எங்ஙனம் பிறக்கும்? 1936-ல் அம்பேத்கர், தமது 'சாதி ஒழிப்பு' நூலில் இதை எடுத்துக் காட்டினார்: சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்வோரையே அடுக்கடுக்காகப் பிரிக்கிறது, விரும்பாத தொழிலை விதியென்று தலையில் கட்டினால், அதிலே மனமும் ஈடுபடாது, அறிவும் ஈடுபடாது என்று வாதிட்டார். அதன்பிறகு பதினேழு ஆண்டுகள் கழித்து, 1953-ல் சென்னை மாநிலத்திலே ஆச்சாரியார் ஒரு திட்டம் கொண்டுவந்தார். சிறுவர்கள் பாதிநேரம் பள்ளியில். மீதிநேரம் அப்பன் தொழில்! குலக்கல்வி என்று நாம் பெயரிட்டோம், நாடு கொதித்தது, 1954-ல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் இன்று நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் அமர்ந்து பணியாற்றும் எத்தனை பேர், விருப்பமில்லாத தொழிலில் வெந்துகொண்டிருப்பார்கள்! கையால் மலம் அள்ளுவதை 1993-லும் 2013-லும் சட்டம் தடுத்த பின்னும், கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி மூச்சடைத்து மாண்டவர்கள் செய்தி வந்துகொண்டுதானே இருக்கிறது? அங்கே போய் "பலனைக் கருதாமல் பணிசெய், பரமன் பார்த்துக்கொள்வான்" என்று உபதேசிக்கத் துணிவோர், முதலில் தாங்கள் ஒருமுறை இறங்கிவிட்டு வரட்டும்.

நகைச்சுவைக்கு நாம் எதிரிகள் அல்லர். பழங்கதை ஒன்று சொல்வார்கள். அதிகாரி ஒருவர் ஒரே துணுக்கை நூறாவது முறை சொன்னாராம். அலுவலகமே வயிறு குலுங்கச் சிரித்ததாம். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏன் ஐயா, உமக்கு மட்டும் சிரிப்பு வரவில்லையா?"

"நேற்றோடு எனக்கு வேறிடத்தில் வேலை கிடைத்துவிட்டதுங்க!"

அன்று அந்த அலுவலகத்தில் உண்மையாகச் சிரித்தவர்கள் எத்தனை பேர்? ஆணைக்குச் சிரிப்பதும் கூலி வேலைதான். கூலி கொடுக்கப்படாத வேலை.

அதனினும் இழிந்தது ஒன்றுண்டு. உடன் பணிபுரியும் பெண்ணின் உடையைப் பற்றி, ஒடுக்கப்பட்ட வகுப்பிலிருந்து ஒதுக்கீட்டில் வந்த இளைஞனின் அறிவைப் பற்றி, ஒருவரின் நிறத்தைப் பற்றி, நாலுபேர் நடுவே ஒரு சொல்லம்பு. அம்பு தைத்தவர் முகம் வாடினால், "அட, விளையாட்டுக்குச் சொன்னேன்! இதற்குப்போய்க் கோபமா?" என்று மேற்கொண்டு ஒரு குத்து. விளையாட்டாம்! ஒருவர் மட்டுமே பந்தெறிய, மற்றவர் தலை மட்டுமே உடைய, அதற்கு விளையாட்டென்று பெயரா? 1997-ல் உச்சநீதிமன்றம் விசாகா வழக்கிலே நெறிமுறை வகுத்தது. 2013-ல் பணியிடத்தில் பெண்களைப் பாலியல் துன்புறுத்தலினின்றும் காக்கும் சட்டம் வந்தது. பாலியல் நெடியுள்ள பேச்சும் குற்றமே என்று அச்சட்டம் எழுதி வைத்திருக்கிறது. 'விளையாட்டுக்குச் சொன்னேன்' என்பது விடுதலைச் சீட்டு ஆகாது.

மேலிருந்து கீழே எறியப்படும் சிரிப்பு வேறு. கீழிருந்து எழும் சிரிப்பு வேறு. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனை நினைத்துப் பாருங்கள். 1949-ல் வந்த 'நல்லதம்பி' படத்திலே கிந்தனார் காலட்சேபம்! நந்தனார் காலட்சேபத்தின் பாணியையே எடுத்துக்கொண்டு, படித்து முன்னுக்கு வரும் ஏழைச் சிறுவனின் கதையைப் பாடினார். கொட்டகையிலே தரையில் அமர்ந்திருந்தவன் முதலில் சிரித்தான். நாற்காலியில் அமர்ந்திருந்தவன் பிறகு சிரித்தான். சிலர் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியாமல் விழித்தனர். அது சிரிப்பு!

இக்காலத்தில் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கண்ணாடி மாளிகைகள் எழுந்துள்ளன. அங்கே தலைமை அதிகாரியையும் பெயர் சொல்லி அழைக்கிறார்கள், 'சார்' இல்லை என்று பெருமையோடு கூறுகிறார்கள் நம் இளைஞர்கள். வரவேற்கிறோம், மெய்யாகவே நல்ல வழக்கம். மேசைப்பந்து ஆடுகிறார்களாம், வெள்ளிக்கிழமை கேக் வெட்டுகிறார்களாம். வெட்டட்டும். ஆனால் அதே மாளிகையின் வாயிலில் நாள் முழுவதும் கால்கடுக்க நிற்கிறாரே காவலாளி, அவர் பெயர் என்ன தம்பி? கழிவறையைத் துடைத்துவிட்டு மாடிப்படியின் அடியில் அமர்ந்து உண்கிறாரே அந்த அம்மையார், அவருக்கு அந்தக் கேக்கிலே துண்டு உண்டா? உண்டென்றால், மேசைக்கு வந்து எடுத்துக்கொள்கிறாரா, மீந்தது காகிதத் தட்டிலே போகிறதா? தரைத்தளத்தோடு முடிந்துவிடும் சமத்துவத்துக்கு மின்தூக்கி எதற்கு!

பிறர்மீது கல்லெறிந்தது போதும். நம் வீட்டுக் கூரையையும் பார்ப்போம். பொதுக்கூட்டச் சுவரொட்டியிலே தலைவருக்கு ஏழு அடைமொழி போடுகிறோம். கூட்டம் முடிந்தபின் நாற்காலிகளை அடுக்கும் ஆளை "ஏய், சீக்கிரம்!" என்கிறோம். நம் படிப்பகங்களில், நம் அச்சகங்களில், நம் மன்ற அலுவலகங்களில், பொறுப்பாளர் சிரித்தபிறகு சிரிக்கும் பழக்கம் இல்லையென்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லமுடியுமா? கடவுளையே கேள்வி கேட்டவர்கள் நாம்! வட்டச் செயலாளரின் துணுக்குக்கு ஏன் வாய்வலிக்கச் சிரிக்கிறோம்? 1949-ல் 'வேலைக்காரி'யைத் திரையிலே கண்டு கண்ணீர் வடித்தவர்களின் பேரப்பிள்ளைகள், தங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாவுக்குத் தனிக் குவளையிலே தேநீர் கொடுப்பதை நாம் கண்டிருக்கிறோம். கறுப்புச் சட்டைக்குள்ளும் எசமான் ஒளிந்திருக்க இடமுண்டு, தோழர்களே. சட்டை என்ன செய்யும், பாவம்!

"நீங்கள் என்று அழைத்தால் வேலை ஓடுமா? அதட்டினால்தான் ஆள் அசைவான்" என்று கடை நடத்தும் அன்பர் ஒருவர் நம்மிடம் கூறினார். அவர் கடையிலே ஆறு மாதத்துக்கு ஓர் ஆள் மாறுகிறது. அசைகிறான், உண்மைதான், வாயிலை நோக்கி அசைகிறான்!

கடை என்றதும் துணிக்கடைப் பெண்கள் நினைவுக்கு வருகின்றனர். காலை முதல் இரவு வரை நின்றபடி சேலை விரிப்பவர்கள் அவர்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காருதல் ஒழுங்கீனம் என்பது முதலாளிகளின் சாத்திரம். ரூஜ் ஆலையின் சட்டம் கடல் தாண்டி வந்து பட்டுச்சேலை கட்டி நின்றது! கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவிலே அத்தகைய பெண்கள் ஒன்றுசேர்ந்து, உட்காரும் உரிமைக்காகவே கிளர்ச்சி செய்தனர். முதலில் எள்ளி நகையாடினர். உட்காரப் போராட்டமா என்றனர். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றமும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்க்கு இருக்கை அளிப்பதைக் கட்டாயமாக்கிற்று. நல்ல சட்டம். ஆனால் சட்டப் புத்தகத்தின்மீது உட்கார முடியாதே! நாற்காலி வேண்டும். அந்த நாற்காலி கடையில் இருக்கிறதா, இருந்தும் அதிலே அமர்ந்த பெண்ணை மேலாளர் முறைக்கிறாரா என்பதை யார் பார்ப்பது?

நாம் பார்க்கலாம். பொங்கலுக்குத் துணி எடுக்கப் போகிறோம் அல்லவா? விலை கேட்கும் முன்னர் அந்தச் சகோதரியிடம், "அம்மா, உங்கள் நாற்காலி எங்கே?" என்று கேளுங்கள். மேலாளர் காதில் விழும்படி கேளுங்கள். அவர் பதில் தேடித் தடுமாறும் அந்த வேளையில், அந்தப் பெண்ணின் முகத்தைப் பாருங்கள். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப்பார்க்கும். அவர் சிரித்தபிறகு நீங்கள் சிரிக்கலாம்.